மேடம் முன்னால் ஒரு ‘ஆக்சுவலி’

“ஆக்சுவலி, யூ நோ, ஐ மீன்... இதுல விஷயம் எங்கடி இருக்கு?”

“விஷயம் வந்துக்கிட்டே இருக்குங்க. அது வர்ற வரைக்கும் இதுங்க இடம் பிடிச்சு வைக்கும். பஸ் ஜன்னல் வழியா கைக்குட்டை போடுவோமே, அந்த மாதிரி.”

“கைக்குட்டையா போடுற நீ? துணிக்கடையையே விரிச்சுட்டே!”

மேடத்தின் அறை வாசலில் நின்றபோது, கணவனோடு நடந்த இந்தப் பேச்சுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் சாயங்கால ஷிப்ட். அவனுக்கு பேக்கரியில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். அவள் படியேறும் நேரத்தில் அவன் படியிறங்குவான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் இருவரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்ட இடம் மாடிப்படிதான். காலை ஷிப்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். கடை முதலாளியான மேடத்துக்குத் தமிழ் தெரியாது.

“ஒத்த ஆக்சுவலிகூட வரக் கூடாது. நேரா விஷயத்துக்குப் போ” என்று புருஷன் வாத்தியாராகிப் பாடம் நடத்தினான். அவளும் அப்படியே செய்தாள்.

முதல் தடவை, “மேடம், ஐ...” என்று நிறுத்தி வார்த்தையைத் தேடினாள். மேடம் தலைவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்.

மறுவாரம், “மேடம், ஈவினிங் ஷிப்ட்...” என்று சொல்லி மறுபடி மௌனம். ரொம்பப் பிடித்திருக்கிறதாக்கும் என்று மேடம் பூரித்துப்போய் ஞாயிற்றுக்கிழமையும் அதே ஷிப்டைப் போட்டுவிட்டார்.

“நல்லா கேட்டே போ! இருந்த ஒரு ஞாயிறும் போச்சு” என்றான் அவன்.

“எல்லாம் உங்களாலதான்! நான் வாயை மூடின உடனே அந்தம்மா ஆரம்பிச்சிடுறாங்க. இனிமே என் இங்கிலீஷ்ல மூக்கை நுழைக்காதீங்க.”

இன்று கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

“மேடம், ஆக்சுவலி...”

மேடம் நிமிர்ந்து பார்த்தார். வாய் திறக்கப் போனார்.

“யூ நோ...” என்று முந்திக்கொண்டாள். மேடத்தின் வாய் மூடிக்கொண்டது. அட!

“ஐ மீன்... லைக்... ஆக்சுவலி...”

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் அவசரப்படுத்தாததால், வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வந்து சேர்ந்தன.

“ஐ வாண்ட் மார்னிங் ஷிப்ட், மேடம். ஐ வாண்ட் டு ஈட் டின்னர் வித் மை ஹஸ்பண்ட்.”