சாந்தம்மா சொன்ன அஞ்சு வரி

ஒரு கவிதை எழுதச் சொல்லி நீங்க யாரையாவது கெஞ்சியிருக்கீங்களா? நான் நாலு வருசமா கெஞ்சிக்கிட்டிருக்கேன்.

ஓசூர் சிப்காட்டுல காலைல ஆறு மணிக்கு எங்க பிரெஸ் லைன் ஓட ஆரம்பிச்சா, பக்கத்துல நிக்கிறவங்க கத்துறதுகூடக் கேக்காது. இரும்புத் தகட்டை வை, பட்டனை அமுக்கு, டம்முன்னு இறங்கும், எடு, அடுத்த தகடு. கையுறை ஒரு வாரத்துல கிழிஞ்சிரும். அடுத்த ஜோடி மாசம் பொறந்தாத்தான். ஆயில் வாடை சோத்துல வரைக்கும் வரும்.

டீக்குப் பத்து நிமிசம் விடுவாங்க. அந்தப் பத்து நிமிசத்துல யார் முன்னாடியாவது போய் நிப்பேன், நீங்க ஒண்ணு எழுதுங்களேன்னு. நான் அருப்புக்கோட்டைப் பக்கம், எட்டாவதோட நின்னவன். கெலமங்கலத்து ரூம்ல பேச ஆளில்லாம, பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கின புஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சு எழுதப் பழகினவன். எனக்கே வருதுன்னா இவங்களுக்கு ஏன் வராது? அதான் என் ஆத்திரம். வெள்ளைச்சாமி, உனக்குக் கல்யாணம் ஆனா சரியாயிரும்டான்னு எங்க லைன் முனிவேல் அண்ணன் சிரிப்பார். கவிதைக்கு ஓவர்டைம் காசு உண்டாண்ணான்னு கேப்பா அதே லைன் ரஞ்சிதா.

மார்ச்ல பாதுகாப்பு வாரம் வந்தது. கம்பெனியே கவிதைப் போட்டி வெச்சது. பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். பேரும் கார்டுல இருக்கிற டோக்கன் நம்பரும் போட்டு கேன்டீன்ல இருக்கிற பெட்டியில போடணும். லைன்ல பாதிப் பேர் போன்ல தேடி, எவனோ எழுதினதைப் பார்த்து எழுதிப் போட்டாங்க. நான் கேட்டது இதையில்ல.

என் பக்கத்து மெசின் சாந்தம்மா அக்கா. வீட்ல தெலுங்கு. தமிழ் நல்லாப் பேசுவாங்க, எழுத வராது. என்னை மாதிரியே கான்ட்ராக்ட் ஆளு. அவங்க சம்பளத்துலதான் வீடே ஓடுது. எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்னாங்க. நான் விடலை. மெசின் முன்னாடி நிக்கிறப்ப மனசுல என்ன ஓடுதோ அதைச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்னேன். டம்ளரைக் கீழ வெச்சிட்டு பிரெஸ் பக்கம் திரும்பினாங்க. அப்புறம் சொன்னாங்க.

ரெண்டு கைக்கு ரெண்டு பட்டன்.
ஒண்ணுல டேப் ஒட்டிட்டாங்க.
ஒரு கை பட்டன்ல இருக்கு.
இன்னொரு கை என்ன பண்ணும்?
அது உள்ள போவும்.

ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினாத்தான் பிரெஸ் இறங்கணும். ரெண்டு கையும் வெளிய இருக்கட்டும்னுதான் அப்படிச் செஞ்சு வெச்சிருக்கு. வேலை வேகமா ஆகணும்னு சூப்பர்வைசர் பிரதாப் ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிட்டார். அதனால ஒரு கை பட்டன்ல, ஒரு கை தகட்டுல.

எழுதுறப்ப நான் நடுவுல 'பசித்த இரும்பே'ன்னு ஒரு வரி சேர்த்தேன். வாசிச்சுக் காட்டினதும் அக்கா முகத்தைச் சுளிச்சாங்க. "இது யார் சொன்னது? இரும்புக்கு எதுக்குப்பா பசிக்குது? எடுத்துடு."

எடுத்துட்டேன். நாலு வருசமா நான் எழுதின எதுவும் இந்த அஞ்சு வரி மாதிரி இல்லன்னு அப்பத்தான் தெரிஞ்சது. அக்கா பேரும் டோக்கன் நம்பரும் போட்டுப் பெட்டியில போட்டேன்.

பெட்டியில வர்றதை ஆபீஸ்ல யாரும் படிக்கிறதில்ல. அப்படியே எடுத்து கேன்டீன் போர்டுல குத்திருவாங்க. புதன்கிழமை காலை டீ டைம்ல போர்டு முன்னாடி ஒரே கூட்டம். பத்து மணிக்கெல்லாம் அக்கா தாள் மட்டும் அங்க இல்ல. பதினொண்ணுக்கு அக்காவைக் கூப்பிட்டு விட்டாங்க. கூப்பிடாமலே நானும் போனேன்.

எச்.ஆர். மேனேஜர் சௌந்தரராஜன் குரலை உசத்தவே இல்ல.

"தமிழ் எழுதத் தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியாது சார்."

"அப்புறம் எப்படி இது உன் கவிதை?"

"பிரெஸ் ஓட்டத் தெரியும் சார்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு தாளை அக்கா முன்னாடி தள்ளினார். இது நான் சொன்னதில்ல, வேற ஆள் என் பேர்ல போட்டதுன்னு டைப் பண்ணியிருந்தது. கையெழுத்து போட்டா அக்கா வேலை தப்பிக்கும், என் வேலை போகும். போடுங்கக்கான்னு நிஜமாத்தான் சொன்னேன்.

அக்கா தாளைத் திருப்பித் தள்ளினாங்க. "எழுதினது அவரு. சொன்னது நான்தான் சார்."

"சரி. கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடறேன். நாளைலேர்ந்து வராத."

"அந்த டேப்பை எடுப்பீங்களா?"

அவர் கதவைக் காட்டினார்.

ரெண்டு மணி ஷிப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல ஏறினோம். பதினேழு பேர், எல்லாம் எங்க லைன். முனிவேல் அண்ணன் என் சீட்டுக்கு வந்தார். "திருப்தியாடா? உன் கவிதை ஒரு பொம்பளை சோத்துல மண்ணைப் போட்டுருச்சு." நாளைக்குப் போய் எல்லாமே நான் எழுதினதுதான்னு சொல்லிடறேன்னேன்.

ரஞ்சிதா முன் சீட்லேர்ந்து திரும்பினா. "அக்கா மேனேஜர் முன்னாடியே என்னுதுன்னு சொன்னதை நீ பிடுங்கிக்கப் போறியாண்ணா? பேனாவை எடு. பெட்டி சனிக்கிழமை வரைக்கும் இருக்கு."

அவ சொன்னா, நான் எழுதினேன். ஷிப்டுக்கு ரெண்டு தடவைதான் பாத்ரூமு, அதுக்கும் டோக்கன், தண்ணி குடிக்கிறதை விட்டுட்டேன். யாரோ சிரிச்சாங்க. அப்புறம் யாரும் சிரிக்கலை. பஸ் மத்திகிரி தாண்டுறதுக்குள்ள ஆறு பேர் சொல்லிட்டாங்க. அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாங்க.

கடைசியா முனிவேல் அண்ணன். போன வருசம் அதே பிரெஸ்ல ஒரு விரலைக் குடுத்தவர். ரெண்டே வரிதான் சொன்னார்.

மோதிர விரல் இல்ல.
மோதிரம் வீட்ல இருக்கு.

இதெல்லாம் கவிதையாடான்னு கேட்டார். ஆமாண்ணேன்னேன். "அப்ப பேரைப் போடு. டோக்கன் நம்பரும் போடு."

கேட்ல அக்காவை நிறுத்தினா எல்லாரும் வெளியவே நின்னுடறதுன்னு இறங்குறதுக்குள்ள பேசி முடிச்சோம். பயம் இல்லாம இல்ல. ரெண்டு பேர் யோசிச்சு சொல்றோம்னாங்க.

மறுநாள் காலைல அஞ்சே முக்காலுக்கு சாந்தம்மா அக்கா கார்டை கேட் மெசின் எடுக்கலை. எழுதின தாளையெல்லாம் பெட்டியில போடச் சொல்லி செக்யூரிட்டி கையில குடுத்தோம். யோசிச்சு சொல்றோம்னவங்களும் எங்க கூடத்தான் நின்னாங்க. ஆறு மணிக்கு சங்கு ஊதிச்சு. எங்க லைன் ஓடலை.