கஃபுயியின் இடது காது

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிப் பேச்சில் பிறந்தது. ஹோ நகரில் எங்கள் தேவாலயப் பாடற்குழுவை நடத்துபவள் கஃபுயி. ஒரு காலை அவள் தங்கை டேலா அழைத்தாள். கஃபுயி போனை இடது காதில் வைத்தாள். ஒன்றுமில்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று எண்ணியவள், ஏதோ தோன்றி வலது காதுக்கு மாற்றினாள். டேலா பேசிக்கொண்டே இருந்தாள்.

முதலில் 'கல்லறை மௌனம் அவளை' என்று எழுதத் தொடங்கி...

இல்லை, அது பொய். மௌனமே இல்லை. காதுக்குள் விடாத ஒரு கீச்சொலி. எழுந்தால் லேசான கிறுகிறுப்பு.

2

கணவன் செனியோ தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தான். அழுக்கு அடைத்திருக்கும், ஈஸ்டர் பாட்டுப் போட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். (இவனை முட்டாளாக எழுத நினைத்தேன். மனம் வரவில்லை, நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.)

இன்னும் போனில் இருந்த டேலா விடவில்லை. "எண்ணெயக் கீழ வைக்கச் சொல்லுக்கா. திடீர்னு கேக்காமப் போனா அன்னிக்கே டாக்டர்கிட்டப் போகணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சளின்னு சொல்லிச் சும்மா இருந்துட்டாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"வலப்பக்கம் போய் நின்னாத்தான் பேச முடியும்."

அன்றைய ஒத்திகையைச் செனியோவின் தலையில் கட்டிவிட்டுக் கஃபுயி கிளம்பினாள்.

3

மருத்துவர் இசைக்கவை என்னும் இரும்புக் கவையைத் தட்டி, அதிரும்போதே அவள் நெற்றி நடுவில் ஊன்றினார். ஒலி எலும்பு வழியே நடந்து வலது காதுக்குப் போனது. அழுக்கு அடைப்பென்றால் அடைத்த பக்கமே உரக்கக் கேட்டிருக்கும். இது உள்காதின் கோளாறு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

(இங்கே என் பேனா நின்றது. உள்காதில் பட்டாணி அளவில் ஒரு நத்தைக்கூடு. அதனுள் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள். அவள் பாடிய எல்லாப் பாட்டும் அங்கே அசைந்துதான் பாட்டாயிற்று. நாற்பது குரலில் பிசகிய ஒன்றை அவள் பிடித்ததும் அங்கேதான்.)

"மாத்திரை சாப்பிட்டா திரும்பிடுமா, டாக்டர்?"

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு வராது. தள்ளிப்போட்டா மருந்து அவ்வளவா வேலை செய்யாது. நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க."

முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினாள்.

4

கேட்டுவிட்டது என்று ஒரு முடிவு எழுதினேன்; இனிப்பு திகட்டியது. கேட்கவில்லை என்று இன்னொன்று. அவளை எழுதியே தண்டிப்பதுபோல் இருந்தது. இரண்டையும் கிழித்துவிட்டேன். அவள் அன்றே மருத்துவரிடம் போனாள் என்பதை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம்.

மாத்திரைகள் முடிந்தபின் சோதனை அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஒலி கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் இடது காதுக்கு ஒலி அனுப்பும் பொத்தானை அழுத்துகிறார்.

அவள் விரல் மடியில் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள்.