ஒரு சென்ட் கொடுத்து வாங்கிய கத்தி

“அந்த ஒரு சென்ட்டைத் திருப்பிக் கொடுங்கப்பா” என்றேன்.

கடையில் நான்கு பேர் இருந்தோம். கல்லாவுக்குப் பின்னால் அப்பா. தீவன மூட்டைகள்மேல் சாய்ந்தபடி என் அண்ணன் வேட். காபி மெஷின் பக்கத்தில், காலை ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குத்தான் கிளம்பும் ஆர்லோ கிழவர். அப்புறம் நான், வலது கையில் கட்டோடு. நான் கேட்டதும், ஆர்லோ வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கத்தியை யாரும் இனாமாகக் கொடுப்பதில்லை, இனாமாக வாங்குவதுமில்லை. இனாம் கத்தி உறவை வெட்டிவிடுமாம். அதனால் வாங்குகிறவர் கொடுப்பவர் கையில் ஒரு சென்ட் காசு வைத்துவிட வேண்டும். கல்யாணப் பரிசாக வந்த சமையல் கத்திக்காக மாப்பிள்ளை கோட்டுப் பையில் சில்லறை தேடுவதை எல்லாக் கல்யாணத்திலும் பார்க்கலாம். வைத்த சென்ட்டைத் திரும்பக் கேட்டால், உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று அர்த்தம். “எதை வேணும்னாலும் கேளு, அதை மட்டும் யாருகிட்டயும் கேட்டுடாதே” என்று எனக்கு ஏழு வயது இருக்கும்போதே அம்மா சொல்லிவைத்தாள். எதற்குச் சொன்னாளோ. அப்போது என்னிடம் கத்தியே கிடையாது. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணிடமும் கிடையாது.

ஆனால் விற்றிருக்கிறேன். பத்து வயதிலிருந்து சனிக்கிழமைதோறும் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நின்று, இந்த ஒக்லஹோமா மூலையில் மாடு வளர்க்கிற பாதிப் பேருக்கு மடக்குக் கத்தி விற்றவள் நான்தான். விற்கலாம், வைத்துக்கொள்ளக் கூடாது. வேட்டுக்குப் பன்னிரண்டு வயதில் கிடைத்தது. அவன் கொடுத்த சென்ட்டை அப்பா கல்லாவுக்கு மேலே சுவரில் ஒட்டி, கீழே பேனாவால் ‘வேட், 12’ என்று எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கும் இருக்கிறது.

“என்ன காலேஜ்,” என்றான் வேட். நான் பட்டம் வாங்கினதிலிருந்து அவன் வாயில் எனக்கு அதுதான் பெயர். “ஒரு சென்ட்டுக்கா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தே? பெட்ரோலுக்கே ரெண்டு டாலர் ஆயிருக்குமே.”

“உன்கிட்டப் பேசலை, வேட்.”

“கை வலியில பேசுறா” என்றார் அப்பா, ஆர்லோவைப் பார்த்து.

வலிதான், இல்லையென்று சொல்லவில்லை. போன வருஷம் மே மாதம் எனக்குப் பட்டம் கிடைத்தது. இந்தக் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். அன்று சாயங்காலம் அப்பா கருப்புக் கைப்பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தியை நீட்டினார். நான் அழுதுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. பர்ஸைக் கொட்டி ஒரு சென்ட் தேடி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

எனக்கு வேலை சாலைக்கு எதிர்ப்பக்கம், மாட்டு வைத்தியர் நூட்ஸனிடம். பட்டியில் இறங்கி ஊசி போடுவது, கட்டுப் போடுவது, கன்று ஈனும்போது கூட இருப்பது. கத்தி தினமும் பையில் இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு கன்று, வைக்கோல் உருளையைச் சுற்றியிருந்த வலையில் பின்னங்காலை மாட்டிக்கொண்டு துள்ளியது. வலைக்கு அடியில் கத்தியை விட்டு மேல்நோக்கி இழுத்தேன். கன்று உதைத்தது. விரித்த கத்தியை மடங்காமல் நிறுத்திவைக்கிற லாக் நழுவி, அலகு என் ஆள்காட்டி விரல்மேலேயே மூடிக்கொண்டது. விரலை மடக்குகிற தசைநாண் அறுந்துபோனது. தைத்திருக்கிறார்கள். பாதிதான் மடங்குகிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், ‘படிச்ச பொண்ணு, கத்தி பிடிக்கத் தெரியலை’ என்று ஊரெல்லாம் பேச்சு. ஆரம்பித்தது இந்தக் காபி மெஷின் பக்கத்தில்தான். டாக்டர் நூட்ஸன் இங்கே வந்து, “டெல்பர்ட், உன் பொண்ணு பட்டியில தாக்குப்பிடிப்பாளா?” என்று கேட்டிருக்கிறார். அப்பா சொல்லியிருக்கிறார்: “அவளுக்குக் கத்தி என்னிக்குமே வராது டாக்டர். போன் எடுக்கிற வேலைக்கு உக்கார வையுங்க.” டாக்டரே இதை என்னிடம் சொன்னார், எனக்கு நல்லது செய்கிற முகத்தோடு. வருகிற திங்கட்கிழமையிலிருந்து எனக்கு முன்னறையில் போன் மேஜை. இன்று சனிக்கிழமை.

கையிலிருந்த கத்தியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தேன். பேண்ட் பையில் மாட்டுகிற கிளிப்பைத் தனியாக, அதன் இரண்டு ஸ்குரூவையும் தனியாக வைத்தேன்.

“கிளிப்பை ஏன் கழட்டினே?” என்றார் அப்பா.

“வலது கை உதவாது. இடது பையில மாட்டிக்கலாம்னு காலையில சாப்பிடும்போது உக்காந்து கழட்டினேன். கிளிப்புக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. ஆர்லோதான் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வந்து குனிந்தார்.

“கோடு” என்றார். “அரத்தால போட்டது. ரெண்டு.”

லாக் சரியில்லை என்று யாராவது கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தால், இந்தக் கடையில் கிளிப்பைக் கழற்றி அடியில் அரத்தால் ஒரு கோடு போடுவார்கள். கைமறதியாக அது மறுபடி விற்பனைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. கோடு போட்டது கல்லாவுக்குக் கீழே சுருட்டுப் பெட்டியில் கிடக்கும். முப்பது சேர்ந்ததும் கம்பெனிக்குப் போகும். பெட்டியிலிருந்து தவறி வெளியே போய், மறுபடி திரும்பி வந்தால் இரண்டாவது கோடு. இங்கேயே உட்கார்ந்திருக்கிற ஆர்லோவைத் தவிர வெளியாட்களுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தக் கோடு போடுவது என் வேலையாக இருந்தது. இந்த இரண்டில் ஒன்றை நானேகூடப் போட்டிருக்கலாம்.

“ரெண்டு கோடு போட்டதை நான் எங்க நாய்க்குக்கூடக் கொடுக்க மாட்டேன், டெல்பர்ட்” என்றார் ஆர்லோ.

“நாய்க்கு எதுக்குக் கத்தி” என்றான் வேட்.

இடது கையால் கத்தியை விரித்தேன். கைப்பிடியின் பக்கவாட்டில் மட்டும் தளர்வாகப் பிடித்து, அலகின் முதுகை மேஜை விளிம்பில் ஒருமுறை தட்டினேன். பலமாக இல்லை, கதவைத் தட்டுகிற அளவுதான். கத்தி மடங்கிவிட்டது.

“அப்படி அடிச்சா எந்தக் கத்திதான் நிக்கும்? அது என்ன சுத்தியலா?” என்றான் வேட்.

“உன்னோடதை எடு.”

அவன் எடுக்கவில்லை. பேண்ட் பையைத் தொட்ட கையை மறுபடி மூட்டைமேலேயே வைத்துக்கொண்டான்.

“தெரிஞ்சேதான் கொடுத்தீங்களா?” என்று அப்பாவைக் கேட்டேன்.

அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “புதுசு ஒண்ணை வீணாக்க வேண்டாம்னு பார்த்தேன். நீ என்ன பண்ணப்போறே, கடுதாசி கிழிப்பே, அட்டைப் பெட்டி திறப்பே. அதுக்கு இது போதும்னு நினைச்சேன். மாட்டுப் பட்டியில இறங்குவேன்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

“நாலு வருஷம் எதுக்குப் படிச்சேன்னு நினைச்சீங்க?”

“ஏதோ ஆபீஸ் வேலைக்குன்னு.”

நான்கு வருஷம். லீவுக்கு வந்தபோதெல்லாம் பூட்ஸில் சாணியோடுதான் வந்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, கன்று புரண்டு கிடந்தால் கையை உள்ளே விட்டு எப்படித் திருப்புவது என்று சொன்னேன். அவர் உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

“சரி” என்றேன். “போனை எடுங்க. டாக்டர் எதிரேதான் இருக்காரு. கத்தி கெட்டது, லாக் நிக்காதுன்னு தெரிஞ்சேதான் கொடுத்தேன், பொண்ணுமேல தப்பில்லைன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்.”

“சொல்லிட்டு?”

“சொன்னா திங்கக்கிழமை நான் பட்டிக்குப் போவேன்.”

“சொன்னா திங்கக்கிழமை இந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கிறதை எவன் வாங்குவான்?” என்றார் அப்பா. “முப்பத்தோரு வருஷமா நடத்துறேன். ஹென்ஸ்லி கடைக் கத்தின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குறான். ஒரு விரலுக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா? போன் எடுக்கிறது என்ன கேவலமா? உங்கம்மா இங்க இருபது வருஷம் எடுத்தா.”

ஆர்லோ கோப்பையோடு பழைய இடத்துக்கே போய்விட்டார். ஊரில் யாருக்கு எத்தனை மாடு செத்தது என்பது வரை எல்லாவற்றிலும் கருத்துச் சொல்கிற மனுஷர், இப்போது சர்க்கரைப் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்தார்.

அப்பா கல்லாவைத் திறந்தார். “சென்ட்தானே கேட்டே?” சில்லறைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். நான் கொடுத்தது பழசு, கறுத்துப்போனது. இது பளபளவென்று இருந்தது. எல்லாம் ஒன்றுதான் அவருக்கு. வேட்டின் சென்ட் சுவரில் அப்படியே இருந்தது.

“எடுத்துக்கோ. கணக்கு முடிஞ்சுது.” இதைச் சொல்லிக்கொண்டே அவருடைய இன்னொரு கை கத்தியை நோக்கி வந்தது.

என் அப்பா எதையும் அவ்வளவு வேகமாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்ட்டைத் திரும்ப வாங்கினால் கத்தியைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். கத்தி சுருட்டுப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து கம்பெனிக்குப் போகும். பாதி மடங்குகிற விரலும் ஊர்ப் பேச்சும் மட்டும் என்னிடம் இருக்கும். என்னுடைய மிகப் பெரிய கோபம் என்று நினைத்து நான் தூக்கிக்கொண்டு வந்த சொல், அவருக்கு எவ்வளவு வசதியாகப் போய்விட்டது.

கத்திமேல் என் கையை வைத்தேன்.

“கண்ணாடிப் பெட்டியைத் திறங்க” என்றேன். “எனக்கு ஒரு கத்தி வேணும்.”

அவர் திறந்தார். வாடிக்கையாளர் கேட்டால் அவர் கை தானாகத் திறந்துவிடும்.

முதலில் எடுத்தது ஸ்பிரிங் வைத்தது, பார்க்கப் பகட்டாக இருக்கும். விரிக்கிற குமிழ் ஒரு பக்கம் மட்டும், வலது கைக்காரனுக்காக. வைத்துவிட்டேன். அடுத்ததை விரித்து அலகை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். பக்கவாட்டில் ஆடியது. இப்போதே ஆடுகிறது ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. மூன்றாவது, பழுப்புக் கைப்பிடி. மூன்று அங்குலத்துக்குள் அலகு. லாக் கைப்பிடியின் முதுகில், எந்தக் கையாலும் அழுத்தி மடக்கலாம். பகட்டெல்லாம் இல்லை. விரித்தேன், ஆடவில்லை. முதுகை மேஜையில் மூன்று முறை தட்டினேன். பழைய கத்தியைத் தட்டியதைவிடப் பலமாகவே. நின்றது. இடது கையாலேயே மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினேன். பேண்ட் பையில் போட்டுப் பார்த்தேன். கனம் தெரிந்தது, இடிக்கவில்லை.

வேட்டிடம் இருப்பதும் இதே கத்திதான். அப்பா முப்பது வருஷமாக வைத்திருப்பதும் இதே. கடைக்கு வருகிறவனிடம் கருப்புக் கைப்பிடியைத்தான் தள்ளிவிடுவார்.

“அறுபத்துநாலு டாலர்” என்றேன். விலை எனக்குத் தெரியும். நோட்டுகளை வைத்தேன்.

அப்பா அதைத் தொடவில்லை. குரல் தணிந்திருந்தது. “பணம் கிடக்கட்டும், கோரா. எடுத்துக்கிட்டுப் போ.”

“இனாமாவாப்பா?”

ஆர்லோவுக்குக் காபி புரையேறியது.

அப்பா பணத்தை எடுத்துக் கல்லாவில் போட்டார். ரசீது அடித்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

பழைய கத்தியை எடுத்தேன். கிளிப்பை மாட்டவில்லை. கிளிப்பையும் ஸ்குரூவையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கத்தியைக் கோடு மேலே தெரிகிற மாதிரி கையில் பிடித்துக்கொண்டேன்.

“அதை வச்சிட்டுப் போ” என்றார் அப்பா.

“ஏன்?”

“காலேஜ், வச்சிட்டுப் போயேன்” என்றான் வேட். முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. “டாக்டரு வாராவாரம் இங்கதான் தீவனம் எடுக்கிறாரு. நம்ம வீட்டு விஷயம். வெளியில எதுக்கு?”

“ஆறு வாரமா வெளியிலதானே இருந்துது.”

“கோரா,” அப்பா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தார். கை நீட்டியிருந்தது, உள்ளங்கை மேல்நோக்கி. அன்று நான் சென்ட் வைத்த அதே கை. “அது கடைப் பொருள்.”

“இல்லப்பா. இதுக்கு நான் காசு கொடுத்திருக்கேன்.”

பளபளத்த சென்ட்டை ஒரு விரலால் அவர் பக்கமாகத் தள்ளினேன். வலது கையின் பாதி மடங்குகிற அந்த விரலால்தான். தள்ளுவதற்கு அது போதும்.

எதிர்ப்பக்கம் டாக்டரின் டிரக் நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைக்கும் இருப்பார். அரத்தால் போட்ட கோடு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்வேன். இந்தக் கடையில் அதை உள்ளபடி சொல்லத் துணிந்த ஒரே ஆள் நான்தான். அதற்கப்புறமும் போன் மேஜைதான் என்று அவர் சொன்னால், வேறு மாவட்டங்களிலும் மாடுகள் இருக்கின்றன.

பின்னால் அப்பா இன்னொரு முறை கூப்பிட்டார். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்தேன்.