மஞ்சள் வைத்த தாள்

வில்லியனூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அரங்கநாதனின் மனைவி வள்ளிநாயகிக்குக் கட்டம் கட்டும் பைத்தியம் பிடித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். லேசான பைத்தியம் இல்லை. சமையல்கட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஏழுக்கு ஏழு கோடு போடுவாள். அடைக்க வேண்டிய கட்டங்களில் புளியங்கொட்டை வைப்பாள். மற்றதில் எழுத்தை எழுதி, அழித்து, மறுபடி எழுதுவாள். முதல் மாதத்தில் மட்டும் குழம்பு நாலு தடவை அடிபிடித்தது.

காரணம் புதுச்சேரி வாரப் பத்திரிகை ஒன்று. அதில் குறுக்கெழுத்துப் போட்டி என்று புதிதாக ஒன்றை இரண்டு வாரம் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கும் சேர்த்து விடை அனுப்பியவர்கள் ஒன்பது பேர். பாகூர் ஜோசியர் ஒருவர், இது யாருடைய ஜாதகம், இத்தனை கட்டம் எதற்கு என்று விசாரித்து எழுதியிருந்தார். ஆசிரியர் சௌந்தரராஜனுக்கு வெறுத்துப்போயிற்று. டவுனுக்குச் சரக்கெடுக்கப் போன அரங்கநாதன்தான் அவரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"எங்க வூட்டுல கட்டம் கட்டுறாங்க ஐயா. ஒரு தபா போட்டுத்தான் பாருங்களேன்."

"ஒரே ஒரு தடவை போடறேன். ஐம்பது கடுதாசி வரணும். வரலேன்னா குறுக்கெழுத்தையே தலைமுழுகிடுவேன்" என்றார் ஆசிரியர்.

வள்ளிநாயகி இரண்டு தாள் எழுதினாள். ஒன்று வெறும் கட்டம், குறிப்புகளோடு. இன்னொன்று விடை நிரப்பியது, ஆசிரியர் சரிபார்த்துக்கொள்ள. முதல் முதலாக வீட்டைவிட்டுப் போகும் தன் எழுத்து. மஞ்சள் வைக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. வெறும் கட்டத்துக்கு மஞ்சள் வைப்பார்களா? நிறைந்த தாளின் நாலு மூலையிலும் மஞ்சளைத் தொட்டுவைத்து, இரண்டையும் மடித்துக் கணவன் கையில் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. அவள் பெயர் இருந்தது. கட்டம் இருந்தது. கட்டத்துக்குள் அத்தனை விடையும் அச்சாகியிருந்தது.

"கேள்வியையும் போட்டு பதிலையும் போட்டா எவன் கடுதாசி எழுதுவான்?" என்று அரங்கநாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எவன் என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் என்று கேட்டாள்.

அச்சுக்கோர்க்கும் பச்சையப்பனாம். ஒதியம்பட்டிலிருந்து தினம் நடந்தே வேலைக்குப் போகிறவர். வருகிற ஒன்றாம் தேதியோடு அவருக்கு வேலை இல்லை என்று சீட்டைக் கிழித்துவிட்டதாக ஆசிரியர் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதும் வள்ளிநாயகிக்கு நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததை அவள் பிறகு வெகுநாள் வரை நினைத்து வெட்கப்பட்டாள்.

அடுத்த வாரம் அரங்கநாதன் டவுனிலிருந்து ஒரு கோணிப்பையோடு ரயிலைவிட்டு இறங்கினார். பை நிறையக் கடுதாசி. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

"இப்போதுதான் விளங்கிற்று, எண் போட்ட கட்டத்தில் தொடங்கி ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுத வேண்டும் என்று" என எழுதியிருந்தார் அரியூர்க்காரர் ஒருவர். பண்டசோழநல்லூர் விவசாயி ஒருவர் விடைகளின் மேல் மையைத் தடவிவிட்டுப் பெண்டாட்டியிடம் நீட்டினாராம், அந்த அம்மாள் பாதியைப் போட்டுவிட்டாளாம். ஜோசியர்கூட மன்னிப்புக் கேட்டிருந்தார். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: அடுத்த கட்டத்தை வெறுமையாகப் போடுங்கள்.

வள்ளிநாயகி கடுதாசிகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எது அச்சுக்கு, எது சரிபார்க்க என்று தாளில் ஒரு வார்த்தை எழுதாமல் விட்டது தான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைக்குத் தேதி இருபத்தெட்டு.

"இன்னாங்க, காலையில நானும் டவுனுக்கு வரேன்" என்றாள்.

விடிவதற்குள் புதுக் கட்டம் ஒன்றைக் கட்டி முடித்தாள். நடு வரிசை முழுக்க ஒரே சொல். அதன் மேல் பருப்பும் உப்பும் தேனும் ஆசையும் வந்து உட்கார்ந்தன. விடைத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டாள். வெறும் கட்டத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தாள்.

கோணிப்பையை ஆசிரியர் முன்னால் வைத்தாள். "பச்சையப்பன் அண்ணனே கோக்கட்டும் ஐயா. இல்லேன்னா நான் கட்டம் அனுப்புறதா இல்ல." சௌந்தரராஜன் கோணிப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரிம்மா, இருக்கட்டும்" என்றார்.

பச்சையப்பன் எழுத்துப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"மஞ்ச வச்ச தாள வுட்டுட்டு வெத்துத் தாள அச்சுல ஏத்த மனசு வரலம்மா. நல்ல காரியத்துக்கு வச்சதாச்சேன்னு..."

"நானும் அப்படி நெனச்சுத்தான் வச்சேன்ணே. நீங்க போட்டதாலதான் சனங்களுக்கு வெளங்குச்சு. நான் நன்றி சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். வேலையும் போவல, ஐயாகிட்ட சொல்லிட்டேன்."

புதுத் தாளை நீட்டினாள். அவர் மஞ்சளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்தபடி எழுத்துகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒரு குறிப்பில் கை நின்றது.

"'எங்கள் கட்டத்தை ஊருக்கு முதலில் நிரப்பிக் காட்டியவர். ஏழு எழுத்து.' விடைத் தாளு எங்கம்மா?"

"அது வூட்டுல இருக்குது."

பச்சையப்பன் மை படிந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினார். ஏழாவது விரலில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு திரும்பி நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த ஏழு கட்டத்தையும் வெறுமையாகவே கோத்தார்.