பதினெட்டடி உத்திரம்

மரம் அறுக்கும் இயந்திரத்தை ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு மில்காரர் வந்து சேர்ந்தபோது காலை எட்டு மணி. டெய்லரம்மா இரண்டு மாதமாகக் காத்திருந்த நாள் அது. ஆனால் கேட்டைத் திறந்துவிட வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது.

காரணம் வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. புயலில் சாய்ந்த பைன் மரம். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத அடிமரம். அது விழுந்த மறுநாளே அவள் திட்டம் போட்டுவிட்டாள். சமையலறைக்குப் பக்கத்து நடையில் ஒண்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் தைத்தது போதும்; மரம் விழுந்த இடத்திலேயே பதினாறடி அகலத்தில் ஒரு தையல் அறை கட்ட வேண்டும். நடுவில் துணி வெட்டும் மேசை, சுற்றிலும் நான்கு மெஷின். மேசை இருக்கிற இடத்தில் தூண் வரக் கூடாது. அதற்குச் சுவருக்குச் சுவர் எட்டுகிற மாதிரி பதினெட்டடி உத்திரம் மூன்று வேண்டும். மரத்தின் மேலேயே சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருந்தாள், தையலுக்கு ஓரம் விடுவதுபோல இரண்டு பக்கமும் ஓரடி கூடுதலாக விட்டு.

நேற்று அவள் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை கொடுக்கப் போயிருந்த நான்கு மணி நேரத்தில், அவளுடைய அண்ணன் வந்து அந்த மரத்தை எட்டடி எட்டடியாகத் துண்டு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அண்ணனுக்கு 'உடனடி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை, ஊர் வைத்தது. யார் வீட்டில் என்ன வேலை என்றாலும் கேட்பதற்கு முன்னால் வந்து நிற்பார். குழாய் சொட்டுகிறது என்று சொன்னால் குழாயையே பிடுங்கிக் கையில் கொடுப்பார். மனசு தங்கம்தான். அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு உத்திரம் போட முடியுமா?

மில்காரர் துண்டுகளைச் சுற்றி வந்தார். பாதியில் வெட்டுப்பட்ட சிவப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார். யார் செய்த வேலை என்று கேட்கவில்லை. இயந்திரத்தின் இருபதடித் தண்டவாளத்தைக் கல் வைத்துச் சமன்படுத்தி, கொக்கிக் கம்பியால் முதல் துண்டைப் புரட்டி மேலே ஏற்றினார். இரட்டைக் கட்டிலில் கைக்குழந்தையைப் போட்டதுபோல அது ஒரு மூலையில் கிடந்தது.

ரம்பம் ஓடியது. பட்டையோடு முதல் சீவல் விழுந்தது. மரத்தைப் புரட்டி மறுபக்கம் ஒரு சீவல். மூன்றாவது ஓட்டத்தில் பிசின் வாசனையோடு வெளியே வந்த பலகையைப் பார்த்ததும் மில்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். ஒரு முடிச்சுக்கூட இல்லை. நெய் தடவினதுபோல மினுமினுத்தது.

"இந்த மாதிரி மரம் கிடைக்கிறது அபூர்வம்மா," என்றார். "முழுசா இருந்திருந்தா மூணு இல்ல, நாலு உத்திரம் எடுத்திருக்கலாம்."

வெந்த புண்ணில் வேல். பன்னிரண்டு வருஷத்தில் அடுத்தவர் துணியில் ஒரு அங்குலம் தப்பாக வெட்டியதில்லை அவள். வெட்டும் முன் மூன்று தடவை அளப்பாள். அவளுடைய மரத்தை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டலாமா?

அந்த நேரம் பார்த்து உடனடி வந்து சேர்ந்தார், கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு. தங்கை முகம் கொடுக்கவில்லை என்றதும் அவருக்கும் சுருக்கென்றது. தூக்க வசதியாக இருக்கட்டும் என்று இடுப்பொடிய வெட்டியதாகச் சொன்னார். ஒரு நன்றிகூட இல்லையே என்று குறைப்பட்டார். நடுவில் ஒரு தூண் வைத்தால் எட்டும் எட்டும் பதினாறு, பிரச்சினை தீர்ந்தது என்று வழியும் சொன்னார்.

பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய கணவர் அங்கிருந்தே ஒத்து ஊதினார். தூண் வைப்பதில் ஒன்றும் தப்பில்லையாம். உதவி செய்ய வந்த மனுஷனை இப்படி நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாமா என்று அவளுக்குப் புத்தி வேறு சொன்னார்.

"உதவின்னா கேட்டுச் செய்யணும் அண்ணா," என்றாள் அவள். "அந்தச் சிவப்புக் கோடு உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு," என்றார் உடனடி.

"பட்டுமா வெட்டின?"

உடனடி பழப்பையைக் கீழே வைத்தார். பழி முழுதும் தன் தலையில் விழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன பைத்தியக்காரனா? கோட்டப் பாத்துட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அவர்தான், கோட்டப் பாக்காதீங்க மச்சான், எட்டடி போதும்னாரு. உனக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்."

கணவர் தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றார். கையிலிருந்த பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆக, அவசரக்காரன் செய்த தப்பு இல்லை இது. இரண்டு மாதமாக அவள் திட்டத்துக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் அளவைக் குறைத்திருக்கிறார். நேரில் சொன்னால் அவள் எதிர்த்துப் பேசுவாள் என்று மச்சான் கையில் ரம்பத்தைக் கொடுத்திருக்கிறார்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் மென்று விழுங்கினார். பெரிய அறை என்றால் நாலு பெண்கள் வேலைக்கு வருவார்கள், நாள் முழுக்க ஆள் நடமாட்டம், வீடு வீடாக இருக்காது என்றார். கடைசியில் உண்மையைச் சொன்னார். "அவ்வளவு பெரிசா கட்டினா நீ அங்கயே குடியிருந்துடுவே. ஒரு ஆளுக்கு எட்டடி ரூம் தாராளம்னு தோணுச்சு."

மில்காரர் அடுத்த துண்டைத் தண்டவாளத்தில் ஏற்றி இறுக்கிவிட்டு, என்ன கனத்தில் அறுக்க வேண்டும் என்று கேட்டார். கணவரிடம் கேட்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ரெண்டு அங்குலம் போடுங்க. எட்டடி ரூமுக்கு அது தாங்கும்," என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே எட்டடியில கட்டுவோம். ஒரு ஆளுக்குத் தாராளம். உங்க சோபா, டி.வி., கட்டில் எல்லாம் அதுல கொள்ளும். நம்ம ஹால் பதினாறடி, நடுவுல தூண் கிடையாது. என் மெஷின் நாலும் இன்னைக்கே அங்க வருது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மில்காரர் இயந்திரத்தைக் கிளப்பினார்.