அறிக்கையில் இல்லாத வரி

பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டிய சோதனைக்கூடத்தின் பின்னறையில் செவ்வந்திக்குத் துணை ஒரு பம்பு மட்டும்தான். நாள் முழுக்க அது ஒரே சீராகக் கரைப்பானைத் தள்ளிக்கொண்டிருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறக்கும்போதுதான், காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை என்பது சில நாள் அவளுக்கு உறைக்கும்.

பசை, ரெசின், பிளாஸ்டிக் இவற்றின் மூலக்கூறு எடையை அளப்பது அவள் வேலை. நுண்துளை மணிகள் நிரப்பிய எஃகுக் குழாய் வழியே கரைசல் போகும். பெரிய மூலக்கூறுகள் துளைக்குள் நுழைய மாட்டாமல் முதலில் வெளியே வரும். சிறியவை துளை துளையாக நுழைந்து சுற்றிவிட்டுக் கடைசியில் வரும். வந்து சேரும் நேரத்தை வைத்து எடையைச் சொல்வாள்.

அந்த வெள்ளிக்கிழமை, இரண்டு மாதமாகப் பழுதாகிக் கிடந்த லேசர் கருவி சரியாகி வந்தது. அது நேரத்தைப் பார்க்காது. ஒளி சிதறுவதை வைத்து எடையை நேராகவே சொல்லிவிடும். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒரு மாதிரி வேண்டும். அலமாரியில் கைக்குக் கிடைத்தது ஒரு பசைப் புட்டி. நூல் சுற்றும் காகிதக் கோன்களை ஒட்டுகிற பசை. அதைப் பார்த்ததும் திருமூர்த்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

போன மாதம் அந்தப் பசையில் ஒட்டிய கோன்கள் பிரிந்துபோயின. பசை காய்ச்சிய திருமூர்த்தி, சீக்கிரம் முடிக்க வேண்டி, சொட்டுச் சொட்டாக விட வேண்டிய ரசாயன மருந்தை மொத்தமாகக் கொட்டிவிட்டார் என்று பசைக் கம்பெனி சந்தேகப்பட்டது. அப்படிக் கொட்டினால் மூலக்கூறுச் சங்கிலிகள் வளராமல் குட்டையாகவே நின்றுவிடும். எடை வழக்கத்தில் பாதிதான் என்றது செவ்வந்தியின் அறிக்கை. அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அவர் இங்கே தேடி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, எட்டு மணி நேரம் நின்னு சொட்டுச் சொட்டா உட்டனுங்க. ஒண்ணுக்குக்கூடப் போகலீங்க. உங்க மிசினு தப்பாச் சொல்லுதோ என்னமோ?"

"மிசினுக்கு உங்க மேல என்னங்கண்ணா கோவம்?" என்றாள் செவ்வந்தி.

அவரும் லேசாகச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் திரையில் அந்தப் பசையின் கோடு எழுந்தது. போன முறை போலவே தாமதமாகத்தான். ஆனால் எடை பாதி இல்லை, வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு. மறுபடி ஓட்டினாள். அதேதான்.

கிளைகள். கிளைமேல் கிளை விட்ட மூலக்கூறு நீளாமல் உருண்டு சுருங்கிக்கொள்ளும். எவ்வளவு கனமிருந்தாலும் சின்னத் துளைக்குள் நுழையும், தாமதமாக வரும், குட்டை போலத் தெரியும். பொறுமையாக, சொட்டுச் சொட்டாக ஊற்றினால்தான் இத்தனை கிளை விடும்.

'இந்த எடை கிளையில்லாத நேர்ச் சங்கிலியோடு ஒப்பிட்டுச் சொல்லப்பட்டது' என்று ஒவ்வோர் அறிக்கையின் அடியிலும் ஒரு வரி இருக்கும். போன மாதம் இந்தப் பசையின் அறிக்கையில் அது இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிப்போனது. ஒரே பக்கத்தில் முடியட்டும் என்று அழித்தவள் அவள்தான்.

அவள் திருத்தி எழுதிய அறிக்கையைச் சோதனைக்கூட மேலாளர் பாலகோபால் கையில்கூட வாங்கவில்லை. "கோன் பிரிஞ்சது பிரிஞ்சதுதானே? முடிஞ்சதக் கிளறாதம்மா. கஸ்டமர் போயிருவாங்க."

"எதனால பிரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதுங்க சார். அவரு கொட்டலீங்கறது தெரியும்."

"உன் கையெழுத்து, உன் பாடு."

திருத்திய அறிக்கையைக் கையெழுத்திட்டு அனுப்பினாள். அந்த வரியோடு, இரண்டு பக்கமாக.

பிறகு திருமூர்த்தியை அழைத்தாள். அவர் இப்போது காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில் இருந்தார். மில் இரைச்சலுக்கு நடுவே, கிளைகளைப் பற்றியும் தான் அழித்த வரியைப் பற்றியும் சொல்லி முடித்தாள்.

"அப்ப, நான் நின்னது அதுல தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கண்ணா. தப்பு எம்மேலதானுங்க. கம்பெனிக்கு எழுதிப்போட்டேன்."

"கூப்பிட்டாலும் அங்க போகமாட்டனுங்க. ஊட்டுக்காரி சென்னியம்மாகிட்ட ஒருக்காச் சொல்றீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டீங்கறா."

அவர் சொன்ன எண்ணை எழுதிக்கொண்டாள். பம்பை நிறுத்தினாள். அறை ஒரேயடியாக அடங்கிப்போனது. அந்த எண்ணை அழைத்தாள்.

"ஏனுங்க, ஆருங்க பேசறது?" என்றது ஒரு பெண்குரல்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல், செவ்வந்தி முதலில் தன் பெயரைச் சொன்னாள்.