வருஷத்துக்கு இரண்டு வசந்தம்

பண்ணையில் அந்தக் குதிரையை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். பந்தயத்தில் ஓடிய காலத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். இப்போது ஓட்டமில்லை. பெட்டைக் குதிரைகள் லாரியில் வந்து இறங்கும். மாப்பிள்ளையைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் இணை சேர்ப்பார்கள், திரும்பவும் லாயத்தில் விட்டுத் தாழ்ப்பாள் போடுவார்கள். அதற்குப் பிறந்த குட்டிகள் ஓடிய இடத்திலெல்லாம் ஜெயித்தன. லாரி வரிசை நீண்டுகொண்டே போனது.

மாப்பிள்ளையைக் கவனித்துக்கொண்டவனுக்கு மாமனார் என்று பட்டம். அவனுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பந்தய நாட்களில் காலைப் பயிற்சிக்கு அதன் முதுகில் ஏறி ஓட்டியவன் அவன்தான். வேறு யார் கிட்டே போனாலும் கடிக்கும். அவன் போனால் தலையைத் தாழ்த்தி நிற்கும்.

"ஒரே ஒரு சீசன் கூட வாங்க தம்பி. இடம் பழகினதும் நீங்க போயிடலாம்" என்று முதலாளியம்மா கேட்டபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு வந்தான்.

சீசன் என்றால் குதிரைகள் இணை சேரும் வசந்தகாலம். அது முடிந்து பெட்டியைக் கட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. இங்கே வசந்தம் போனால் பூமியின் தென்பாதியில் இன்னொரு வசந்தம் வருமாம். மாப்பிள்ளையை விமானத்தில் ஏற்றினார்கள், கூடவே மாமனாரையும். அங்கே முடிந்ததும் மறுபடி இங்கே. இப்படியே வருஷங்கள் ஓடின.

லாயத்தை ஒட்டியே அவனுக்கு அறை. ஒரு கட்டில், ஒரு மின்சார அடுப்பு, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வராது. குதிரையின் மூச்சுதான் வரும். லீவு கேட்டால் முதலாளியம்மா முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "உங்க இடத்துல ஒருத்தரை நிறுத்திட்டுப் போங்க" என்பார். நிறுத்திய ஆளின் தோளை மாப்பிள்ளை கவ்விக் கிழித்தது. ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் பேருந்து நிலையம் வரை போய்விட்டான். குதிரை சுவரை உதைத்து உதைத்துக் காலெல்லாம் ரத்தம் என்று போன் வந்தது. வாங்கிய டிக்கெட்டோடு திரும்பி வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல அப்பாவை வரையச் சொன்னாங்களாம். உங்க பொண்ணு குதிரையை வரைஞ்சிட்டு வந்திருக்கா."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நான் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டேன். நீங்க அதுக்கு வாழ்க்கைப்பட்டுட்டீங்க. இந்த சீசனோட வர்றீங்களா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"வர்றேன்" என்றான். எப்படி என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த வாரம்தான் மாப்பிள்ளை முரண்டு பிடித்தது. கொட்டகையில் பெட்டைக்குதிரை காத்திருக்க, இது வாசலைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நின்றது. அடுத்தநாளும் அப்படியே. மருத்துவர் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். "உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா கையைப் பிசைந்துகொண்டு நடந்தார்.

மாமனாருக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. விட்டுவிட்டுப் போகத்தானே முடியவில்லை; அவர்களே விரட்டினால்? பண்ணையில் ஒரு விஷயத்துக்கு மன்னிப்பே கிடையாது. மாப்பிள்ளையின் முதுகில் யாரும் ஏறக்கூடாது. ஒரு குழியில் கால் மடங்கினால் எல்லாம் போச்சு.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் சேணத்தைத் தேடி எடுத்துத் தூசு தட்டினான். வாரை இழுத்துக் கட்டும்போது மாப்பிள்ளையின் உடம்பு சிலிர்த்தது. ஏறி உட்கார்ந்தான். மேய்ச்சல் நிலத்துக்கு வந்ததும் கடிவாளத்தைக் கொஞ்சம் தளர்த்தினான், அவ்வளவுதான். வேலிக்கம்பங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. கண்ணில் நீர் வழிந்தது, காற்றினாலா என்று தெரியவில்லை. எதற்காக ஏறினோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. வேலி வந்தது, திரும்பினார்கள். அடுத்த வேலி வந்தது, திரும்பினார்கள்.

நிறுத்தியபோது முதலாளியம்மா வாசலில் நின்றிருந்தார், செருப்புகூடப் போடாமல்.

"இறங்குங்க."

இறங்கினான். திட்டு விழும் என்று காத்திருந்தான். அவர் குனிந்து மாப்பிள்ளையின் நான்கு கால்களையும் தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். அவன் அறைக்குப் போய்ப் பெட்டியில் துணியை அடுக்கினான். நெஞ்சு லேசாக இருந்தது.

மதியம் கொட்டகைக்கு ஒரு தடவை கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளை தயங்கவே இல்லை.

சாயங்காலம் முதலாளியம்மாவே அவன் அறைக்கு வந்தார். கட்டிலில் இருந்த பெட்டியைப் பார்த்தார், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"காலையில எனக்கு உயிரே போச்சு, தம்பி. ஆனா அதுக்கு என்ன குறைன்னு உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. இனிமே தினமும் ஒரு ஓட்டம் விடுங்க. நீங்க மட்டும்தான், வேற யாரும் ஏறக் கூடாது. தெற்கே இருக்கிற பண்ணைக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். உங்களுக்குப் பெரிய அறையா பார்த்துத் தரேன்."

"மேடம், நான் ஊருக்கு..."

"கையெடுத்துக் கும்பிடறேன்" என்றார். நிஜமாகவே கும்பிட்டார். அவன் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

மனைவிக்குப் போன் செய்து ஒன்று விடாமல் சொன்னான்.

"ஆக, நீங்களே போய் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டீங்க."

"நான் நினைச்சது வேற."

"தெரியும். உங்க மேல கோபம் இல்ல. ஓட்டினப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றான். பொய் சொல்ல வரவில்லை.

அவள் சொன்னாள்: "நானும் ஒரு வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணுக்கும் எல்லாம் பழகிப்போச்சு. இனிமே எப்ப வர்றீங்கன்னு கேக்க மாட்டேன். வந்தா கதவு திறந்திருக்கும்." வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

சீசன் முடிந்தது. விமானத்துக்குள் ஏற்றும் மரக்கூண்டில் மாப்பிள்ளை ஒரு பக்கம், அதன் தலைக்கு நேரே அவன் நிற்க ஓர் இடைவெளி. கதவைச் சாத்தி வெளியே கொக்கி மாட்டினார்கள். அந்த நிமிஷம் அவனுக்குக் குதிரையின் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. ஓங்கி ஒரு அறை விடலாமென்று கையைத் தூக்கினான்.

இயந்திரம் உறுமத் தொடங்கியது. குதிரைக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. தூக்கிய கை தானாகவே அதன் கழுத்துக்குப் போய்த் தடவிக் கொடுத்தது. மாப்பிள்ளை தாடையை அவன் தோளில் வைத்து, தலையின் பாரம் முழுவதையும் அதில் இறக்கியது. சற்று நேரத்தில் தூங்கியும் போனது.

தோள் வலித்தது. நகர இடமில்லை. நகர்ந்தால் அது விழித்துக்கொள்ளும். அவன் அப்படியே நின்றான்.